பால் காய்ச்சிய விறகு

கந்தன் மறுபடியும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பட்டறைக்குள் நின்ற இரும்புப் பெட்டிகளுக்குப் போன மாதம்தான் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்திருந்தது. அதற்கு முந்தின மாதமும் அடித்திருந்தது. ரயில் தண்டவாளத்து ஓரத்தில் சிக்னல் வயர்களையும் சாமான்களையும் உள்ளே வைத்துப் பூட்டி நிறுத்துகிறார்களே, அந்த ஆளுயரப் பெட்டிகள். மாதிரிக்கென்று செய்தவை. தேய்ப்பதும் பூசுவதுமாக அவற்றின் மேல் பெயிண்ட் ஏறிக்கொண்டே போனதே தவிர, ஒன்றுகூடப் பட்டறை வாசலைத் தாண்டவில்லை.

"ஏங் கந்தா, இதுக்கு மேலயும் தேச்சா தகடு ஓட்டையாயிராதா?" என்றாள் வசந்தாமணி, மோர்ச் சொம்பை அவன் பக்கத்தில் வைத்தபடி.

"அண்ணன் சொல்றாருங்க்கா, நாஞ் செய்யறேன். மறுக்கா ஆபீசருக வாராங்களாமா. பெட்டி புதுசாட்ட இருக்கோணுமாமா."

"எப்ப வாராங்களாமா?"

"அதெல்லாம் எனக்கென்னங்க்கா தெரியும்?"

வசந்தாமணி புருசனைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளியங்கிரி வெல்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய வயரையே அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். வர வர இந்த மனுசன் வாயைத் திறப்பதே சோற்றுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அந்தச் சோறும் தட்டில் பாதி மிஞ்சியது. ஆர்டர் வராத வெசனம் என்று நினைத்துக்கொண்டு அவளும் கிளறாமல் விட்டிருந்தாள்.

மோகனூரிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. முன்னால் அதற்கு 'வெள்ளியங்கிரி பாடி ஒர்க்ஸ்' என்று பெயர். லாரிக்குப் பாடி கட்டுகிற இடம். விடிந்தால் மரம் அறுக்கிற சத்தமும் ரிவிட் அடிக்கிற சத்தமும், பாடி முடிகிற வரைக்கும் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கிற லாரிக்காரர்களின் பேச்சும் கேட்கும். அவர்களுக்குப் பச்சைப்பயிறு கடைந்து, கொள்ளுப் பருப்பு வைத்து, வசந்தாமணிதான் ஆக்கிப் போடுவாள். சாப்பாட்டுக்காகவே இவர் பட்டறைக்கு வருகிறேன் என்று சொன்ன ஓனர்கள் உண்டு. வெள்ளியங்கிரிக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

அதையெல்லாம் ஏறக்கட்ட வைத்தவன் கதிர்வேல். வசந்தாமணிக்கு உடன்பிறந்த ஒரே தம்பி. இன்ஜினியருக்குப் படித்துவிட்டு, சேலம் அஸ்தம்பட்டியில் ஆபீஸ் போட்டு, ரயில்வே சிக்னல் வேலைகளை டெண்டர் எடுத்துச் செய்கிறவன். ஒரு நாள் காரில் வந்து இறங்கி, லாரிக்காரர்களின் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மச்சானிடம் பேச ஆரம்பித்தான்.

"மச்சான், பெரிய டெண்டர் ஒண்ணு வருது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஒருத்தன் ரேட்ட எறக்கீட்டு எதிர்ல நிக்கறான். ஆனா நம்ம நாட்டுலயே செஞ்ச சாமானுன்னு காட்டுனா நமக்குத்தான் முன்னுரிமை. பெட்டி செய்யறதுக்கு எங்கிட்ட பட்டறை இல்ல. உங்ககிட்ட இருக்குது."

"லாரிக்காரன் இன்னைக்கு இல்லீனாலும் நாளைக்கு வருவான் மாப்ளே. ரயிலெல்லாம் எனக்குப் பழக்கமில்லையே" என்றார் வெள்ளியங்கிரி.

"இன்னும் எத்தன நாளைக்கு லாரிக்குப் பலகை அடிச்சுட்டு இருப்பீங்க? இப்பெல்லாம் கம்பெனிலயே பாடியோட வந்து எறங்குது. நம்ம ஊர்ல நம்ம ஆளு செஞ்ச பெட்டி தண்டவாளம் பூராவும் நிக்கோணும். எவனோ கடலுக்கு அக்கட்டால இருந்து கொண்டாந்து நட்டுட்டுப் போறதுக்கா நாம இருக்கறோம்?"

கேட்கக் கேட்க வசந்தாமணிக்குப் புல்லரித்தது. வெள்ளியங்கிரி மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டே இருந்தார். அவள்தான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"ஏனுங்க, எந்தம்பி உங்களைக் கெணத்துலயா தள்ளப் போறான்? மண்டைய ஆட்டுங்க."

அவர் மண்டையை ஆட்டினார்.

மரம் அறுக்கும் மிஷின் போனது. வாடிக்கையாக வந்த லாரிக்காரர்களை வேறு பட்டறைக்கு அனுப்பிவைத்தார்கள். தகடு வளைக்கிற மிஷின் வந்தது. பெயர் மாற்றுகிற யோசனையும் கதிர்வேலுடையதுதான். "அம்மா பேரு வெப்பங்க்கா. ராமாயி இண்டஸ்ட்ரீஸ். அம்மா இல்லீன்னா நானெல்லாம் இந்நேரம் கரும்பு வெட்டீட்டு இருந்திருப்பேன்" என்றான். அம்மா செத்து அப்போது வருசம் திரும்பியிருக்கவில்லை. வசந்தாமணி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்தப் போர்டுக்குத் தன் கையாலேயே மஞ்சளும் குங்குமமும் வைத்தாள்.

ரயில்வே ஆபீசர்கள் பட்டறையைப் பார்க்க வந்த நாள் இன்னும் அவளுக்குக் கண்ணிலேயே நின்றது. நாட்டுக்கோழி அடித்து, சந்தவை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, ஒப்புட்டுப் போளி தட்டி வைத்திருந்தாள். வந்தவர்களில் பெரிய ஆபீசர் வடக்கத்திக்காரர். கோழியைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஒப்புட்டு ஒன்றையே கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். மேலே தண்ணீரை ஊற்றி, உள்ளே ஈரம் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. கதிர்வேல் இங்கிலீஷில் பேசப் பேச, வெள்ளியங்கிரி இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து நின்றார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி நின்றதில்லை.

டெண்டர் கிடைத்துவிட்டதென்று ஜிலேபிப் பெட்டியோடு வந்தான் கதிர்வேல். அதற்கப்புறம்தான் காத்திருப்பு ஆரம்பித்தது. டிராயிங் வரோணும் என்றான். தகடு வரோணும் என்றான். பட்டறையில் வேலை பார்த்த ஆட்கள் ஒவ்வொருவராகத் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் பட்டறைகளுக்குப் போய்விட்டார்கள். உப்புத்தாளும் கையுமாகக் கந்தன் மட்டும்தான் மிச்சம்.

இந்த நிலைமையில்தான் புண்ணியார்ச்சனைப் பத்திரிகை வந்தது. கதிர்வேல் ஏற்காடு ரோட்டில் புது வீடு கட்டியிருந்தான். வைகாசியில் நாள் குறித்து, பெண்டாட்டி சத்யபிரியாவோடு நேரில் வந்து தாம்பாளத்தை நீட்டினான்.

"நீ வந்து பால் காச்சுனாத்தாங்க்கா நான் உள்ள போவேன்."

அவர்கள் வீட்டில் அது வெறும் சாங்கியம் அல்ல. வீட்டுக்காரனோடு கூடப் பிறந்தவள்தான் புது வீட்டில் அடுப்புப் பற்றவைத்துப் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கியதும், வீட்டுக்காரன் சபையில் வைத்து, "என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். பிறந்தவள் கேட்டதை மறுக்கக் கூடாது. அம்மா ராமாயி, தன் அண்ணன் வீட்டில் பால் காய்ச்சியபோது ஒரு கிடாரிக் கன்று கேட்டாளாம். புருசனைப் பறிகொடுத்து, இரண்டு குழந்தைகளோடு நின்ற நேரம்; அதையெல்லாம் பார்க்காமல் அண்ணன் அவளையே கூப்பிட்டாராம். அந்தக் கன்றின் வழியாகப் பெருகிய மாடுகள்தான் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக் கதிர்வேலைப் படிக்க வைத்தன. அக்காளுக்கும் தம்பிக்கும் அந்தக் கதை சோற்றோடு ஊட்டி வளர்த்த கதை.

"என்ன கேக்கறதுன்னு இப்பவே ரோசன பண்ணி வெச்சுக்கோ" என்று சிரித்தான் கதிர்வேல்.

"ஆர்டரத்தான் கேப்பேன்" என்றாள் அவளும் சிரித்துக்கொண்டே. சத்யபிரியா தாம்பாளத்திலிருந்த வெற்றிலையை ஒழுங்குபடுத்துவதுபோலக் குனிந்துகொண்டாள். அதை வசந்தாமணி அப்போது கண்டுகொள்ளவில்லை.

முதல் நாள் மத்தியானமே கிளம்பிச் சேலம் போனார்கள். வெள்ளியங்கிரி கடைசி வரை, "எனக்கு மேலுக்குச் சொகமில்ல, நீ போயிட்டு வா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "மச்சான் இல்லாம மாமன் மச்சான் மொறை ஆரு செய்யறது?" என்று அதட்டி இழுத்துப் போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ராசிபுரம் தாண்டுகிற வரை அவர் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீடு நல்ல வீடு. பளபளவென்று கல் பதித்து, மாடிப்படிக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தான். பின்பக்கத்தில் பந்தல் போட்டு, சமையல் காண்ட்ராக்ட் எடுத்திருந்த பொன்னாயி கோட்டை அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். சும்மா இருக்க அவளுக்கு எப்போதுமே தெரியாது.

நாலு மணிக்கு ஏற்காட்டு மலை கறுத்தது. ஐந்து மணிக்கு அடித்தது பாருங்கள், கோடை மழை! பந்தல் தட்டி பறந்தது. ஆளாளுக்கு அரிசி மூட்டையையும் பாத்திரங்களையும் காப்பாற்ற ஓடினார்களே தவிர, காம்பவுண்டு ஓரத்தில் இறக்கியிருந்த சீமைக்கருவேல விறகை யாரும் நினைக்கவில்லை. மழை விட்டபோது விறகு மொத்தமும் ஊறிக் கிடந்தது.

பொன்னாயி தலையில் கை வைத்தாள். "போச்சு சாமி. இதைய வெச்சுக் கண்ணெரிச்சல்தான் வாங்கலாம். காத்தால எத்தன எலைக்கு டிபன் ஆவோணும்!"

கதிர்வேல் அய்யரைப் பார்க்க வெளியே போயிருந்தான். போன் எடுக்கவில்லை. சத்யபிரியா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கதிர்வேலிடம் வேன் ஓட்டுகிற காத்தான்தான் முன்னால் வந்தான்.

"நம்ம கொடோன்ல காஞ்ச பலகை மலையாட்டக் கெடக்குதுங்கம்மா. ஒரு நடை போனா எடுத்தாந்தர்றேன்."

"அது வேண்டாம் காத்தான்" என்றாள் சத்யபிரியா சட்டென்று. பிறகு அடுப்பைப் பார்த்தாள், பொன்னாயியைப் பார்த்தாள். வேறு வழி தெரியவில்லை. "சரி, போய்ட்டு சீக்கிரம் வா" என்று உள்ளே போய்விட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேன் வந்தது. காத்தான் பலகைகளைக் கட்டுக் கட்டாக இறக்கினான். பொன்னாயி ஒன்றை ஒடித்து அடுப்பில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இது வெறகா? காயிதமாட்ட எரியுது. வெச்ச கையெடுக்கல, சாம்பலாப் போச்சு. நாத்தத்தப் பாரு, ஆஸ்பத்திரியாட்ட!"

வசந்தாமணிக்கு அந்த வாசனை தெரியும். வெள்ளை வெளேரென்று, தூக்கினால் கனமே இல்லாத பலகை. மெட்ராஸ் துறைமுகத்துக்கு லோடு போகிற லாரிக்காரர்கள் முன்னால் எப்போதாவது கொண்டுவந்து போடுவார்கள். ஆர்பர் பலகை என்பார்கள். கப்பலில் சாமான் அடைத்து வருகிற பெட்டியைப் பிரித்த பலகை. "இது கோழிக்கூட்டுக்குக்கூட ஆகாது" என்று வெள்ளியங்கிரி ஒதுக்கிவிடுவார். ஒரு பலகையைத் திருப்பினாள். அதன் உள்பக்கத்தில் சாம்பல் நிறப் பெயிண்ட் உரசி ஒட்டியிருந்தது. தினமும் கந்தனின் விரல் இடுக்கில் அவள் பார்க்கிற அதே நிறம்.

"இது ஏது காத்தான்?" என்றாள்.

"பெட்டி வர்ற பலகைதானுங்க்கா. ஒவ்வொரு பெட்டியும் இதுக்குள்ள வெச்சு ஆணியடிச்சுத்தான வருது."

"என்ன பெட்டி?"

"சிக்னல் பெட்டிங்க. கப்பல்ல வருது. கன்டெய்னர்ல கொண்டாந்து நம்ம கொடோன்ல எறக்குவாங்க. பலகையப் பிரிச்சு, அவிங்க பேருத் தகட்டக் கழட்டீட்டு நம்ம தகட்ட அடிச்சு ஏத்தி உட்ருவோம். அது ஆச்சுங்க, பொங்கலுக்கு முந்தி இருந்தே."

"நம்ம தகடுன்னா?"

காத்தான் வெள்ளையாகச் சிரித்தான். "உங்க கம்பெனித் தகடுதானுங்க்கா. ராமாயி இண்டஸ்ட்ரீஸ், மோகனூர்னு போட்டிருக்கும். அக்கா ஊட்டுக்காரரு எத்தாப் பெரிய கம்பெனி வெச்சிருக்காருன்னு நாங்கெல்லாம் பேசிக்குவோமுங்க."

அவள் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தாள். உரித்த வெங்காயம் முறத்தில் அப்படியே கிடந்தது. காத்தான் அடுத்த கட்டைத் தூக்கப் போனான். அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை, பாவம்.

கதிர்வேல் வந்ததும் அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். வெள்ளியங்கிரியும் பின்னாலேயே ஏறி வந்தார். மாடியில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. கையில் கொண்டுவந்த பலகைத் துண்டை அவள் தம்பியிடம் நீட்டினாள்.

"பொன்னாயி அடுப்புல எரியுதே, அது என்ன சாமி?"

கதிர்வேல் பலகையைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். "இதைய ஆரு இங்க கொண்டாந்தது?" என்றான்.

"அதுவா இப்பக் கேள்வி?"

"அக்கா, சித்த நான் சொல்றதக் கேளு. டெண்டர் கெடச்ச பொறவு கணக்குப் போட்டுப் பாத்தேன். கட்டுப்படியாகல. எதிர்ல நின்னானே அந்தக் கம்பெனிக்காரன், அவனே கூப்புட்டான். பெட்டிக்குள்ள எல்லாத்தையும் மாட்டி, வயரோட அனுப்பறேன்னான். நம்ம பட்டறைல வெறும் பெட்டிதான் ஆவும். லேட்டாச்சுன்னா ரயில்வேக்காரன் சும்மா உடுவானா? இந்தத் தொழில்ல எல்லாரும் இப்புடித்தான் பண்றாங்க."

"எவனோ கடலுக்கு அக்கட்டால இருந்து கொண்டாந்து நடறதான்னு எங்க கட்டல்ல உக்காந்து சொன்னியேடா. அவனுக்கு வண்டி புடிச்சு உட்டவனே நீதானா?"

"அடுத்த லாட்டு ஆர்டர் உங்களுக்குத்தாங்க்கா."

"லாட்டு கெடக்குது. அம்மா பேர எதுக்குடா அதுல அடிச்ச?"

"ஆபீசருக பாத்துட்டுப் போன பட்டறை பேருதான் தகட்டுல இருக்கோணும். இல்லீன்னா உள்நாட்டுச் சாமானுன்னு ஒத்துக்க மாட்டாங்க" என்றான்.

"நாளைக்கு அந்தப் பெட்டில ஒண்ணு கெட்டு, ரயிலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? போலீசு ஆரு பேரப் பாத்து வரும்? கதிர்வேல் பேரப் பாத்தா, ராமாயி பேரப் பாத்தா? நீ எங்கள வேண்டாம்னு உட்டிருந்தாக்கூட நான் அழுதுட்டுப் போயிருப்பேன். எங்க பேர எடுத்துக்கிட்டு எங்கள உட்டியேடா. இதையக் கேட்டதுக்கே இவரு நெஞ்சு வெடிச்சுச் செத்துப் போவாருடா" என்று புருசனைக் காட்டினாள்.

கதிர்வேல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மச்சானுக்கு முந்தியே தெரியுங்க்கா."

அவள் திரும்பினாள். வெள்ளியங்கிரி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாப் பெட்டியும் மோகனூர்ல செஞ்சதுதான்னு கையெழுத்து வேணும்னு கேட்டேன். மச்சான்தான் போட்டுக் குடுத்தாரு. மார்கழிலயே."

"ஏனுங்க?" என்றாள் வசந்தாமணி.

வெள்ளியங்கிரி தொட்டியைப் பார்த்தபடியே பேசினார். "நான் என்ன புள்ள பண்ணட்டும்? எந்தம்பி கெணத்துலயா தள்ளுவான்னு நீ சொன்ன. தள்ளீட்டான்னு உங்கிட்ட எப்புடிச் சொல்றது? பொறந்த ஊடுன்னு உனக்கு மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான். அடுத்த லாட்டு வந்துச்சுன்னா எல்லாஞ் செரியாப் போவும், உனக்குத் தெரியாமயே போயிரும்னு நெனச்சேன்."

"அப்ப ஆபீசருக வாராங்கன்னு சொன்னது?"

"சும்மா சொன்னதுதான்" என்றார்.

"கந்தன் தெனமும் தேச்சது?"

"வேலை நடக்கறாப்ல இருக்கோணுமல்லொ" என்றார் அவர் மெல்ல.

அந்த நிமிசம் வசந்தாமணிக்குத் தம்பி மேலிருந்த கோபம்கூடச் சின்னதாகிப்போனது. அவன் தொழில்காரன்; ஆசைப்பட்டான், ஏமாற்றினான். இந்த மனுசனோ பக்கத்தில் படுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்று, அவள் "ஆர்டர் வந்துருமுங்க, வெசனப்படாதீங்க" என்று ஒவ்வொரு நாளும் தேற்றியதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தத் தேறுதலை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ரெண்டு பேருஞ் சேந்து என்னையுமல்லொ அந்தப் பெட்டியாட்ட வெச்சிருந்திருக்கறீங்க. உள்ள ஒண்ணுமில்லாம, மேல பூசிப் பூசி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

காலையில் முகூர்த்தம் ஏழரைக்கு. இரவோடு இரவாகப் பஸ் ஏறிவிடலாமா என்று அவள் நினைக்காமல் இல்லை. ஆனால் பிறந்தவள் பால் காய்ச்சாமல் தம்பி அந்த வீட்டில் குடியேறக் கூடாது. வீடு என்ன பாவம் செய்தது, தம்பியின் குழந்தைகள் என்ன பாவம் செய்தன என்று நினைத்துக்கொண்டாள். தலைக்கு ஊற்றி, மஞ்சள் பூசி, கொண்டுவந்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது உறம்பரைச் சனமெல்லாம் கூடிவிட்டது. கூடத்தில் மூன்று செங்கல் வைத்திருந்தார்கள். பக்கத்தில், பொடியாக வெட்டிய ஆர்பர் பலகை. கருவேல விறகு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

கதிர்வேல் அதைப் பார்த்துவிட்டு, "கேஸ் அடுப்புலயே வெச்சரலாமாக்கா?" என்று அவள் காதருகே கேட்டான்.

"இதே இருக்கட்டும்" என்றாள்.

கற்பூரத்தைக் கொளுத்திப் போட்டதும் பலகை குப்பென்று பிடித்துக்கொண்டது. பால் இவ்வளவு சீக்கிரம் பொங்கி அவள் பார்த்ததில்லை. சட்டி விளிம்பில் நுரை ஏறி வழிந்தது. "பொங்கிருச்சு! கெழக்க பாத்துப் பொங்கிருச்சு!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். அந்தப் புகை பட்டுக் கண்ணில் தண்ணீர் வடிந்தது. புகைதான் என்று சபையில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பெரியம்மா ஒருத்தி கதிர்வேலை முன்னால் தள்ளினாள். "கேளு சாமி, மொறையக் கேளு."

பட்டுச் சேலைத் தட்டோடு அவன் முன்னால் வந்து நின்றான். "என்ன வேணுங்க்கா?"

வசந்தாமணி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா பேரு வேணும் கதிரு. திருப்பிக் குடு."

சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியம்மாதான் முதலில் கன்னத்தில் கை வைத்துச் சிரித்தாள். "அட, ஊட்டுக்கு ஆத்தா பேரு வெக்கச் சொல்றா! எம்புட்டு நல்ல மனசு பாரு. இதுக்கென்ன, ராமாயி இல்லம்னு எழுதிட்டாப் போச்சு!"

ஆமாம், ஆமாம் என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கதிர்வேல் முகத்துக்கும் உயிர் வந்தது. "செரிக்கா. ஊட்டுக்கு அம்மா பேரே வெச்சர்றேன். இன்னைக்கே ஆளு சொல்லீர்றேன்" என்றான்.

"ஊட்டுக்கு வேண்டாம். எதெதுல அடிச்சயோ, அதுல இருந்து கழட்டி எங்கையில குடு."

சத்யபிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளியங்கிரி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். என்னமோ நடக்கிறது என்று உணர்ந்து சபை அடங்கிப்போனது. அடுப்பில் பலகை எரிந்து தீர்ந்து, பால் வழிந்த இடம் கருகி நாறியது.

கதிர்வேல் தட்டைப் பிடித்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கழற்றினால் என்ன போகும் என்று அவனுக்குத் தெரியும். கழற்றாவிட்டால் என்ன போகும் என்பதும் தெரிந்துதான் இருக்க வேண்டும். இரண்டையும் நிறுத்துப் பார்க்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"வேற எதாச்சும் கேளுக்கா" என்றான்.

அந்தக் குடும்பத்தில், பால் காய்ச்சிய பிறந்தவளுக்கு இல்லை என்ற வார்த்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. வசந்தாமணி கையை ஊன்றி எழுந்தாள். பொங்கிய பாலைக் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சேலைத் தட்டை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பந்தலில் பொன்னாயி, "சாப்புடாமப் போறியே சாமி" என்று கூப்பிட்டது கேட்டது.

பஸ்ஸில் வெள்ளியங்கிரிக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தும் அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் கந்தன் வழக்கம்போல உப்புத்தாளோடு வந்து, பெயிண்ட் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். வசந்தாமணி அவனிடமிருந்து டப்பாவையும் பிரஷையும் வாங்கிக்கொண்டாள். லாரிக்குப் பாடி கட்டிய காலத்து ஏணி சுவரோரம் கிடந்தது. அதைப் போர்டுக்குக் கீழே சாத்தி ஏறினாள்.

வெள்ளியங்கிரி ஓடிவந்து ஏணியைப் பிடித்தார். "எறங்கு வசந்தா. நான் அடிக்கறேன்."

"நீங்க அடிச்ச வரைக்கும் போதும்."

ராமாயி என்ற எழுத்துகளின் மேல் பிரஷை இழுத்தாள். அம்மா முகத்திலேயே பூசுவதுபோல இருந்தது அவளுக்கு. கீழே கந்தன் பதறினான்.

"ஏனுங்க்கா, அம்மா பேரப் போயி அழிக்கறீங்க?"

"இது இங்க நிக்கறதுனாலதான கந்தா, அவன் அங்க அடிக்கறான்."

அவனுக்குப் புரிந்ததோ என்னமோ. ஒரு பூச்சில் எழுத்து மறையவில்லை. எழுத்தின் மஞ்சள் நிறம் உள்ளிருந்து தெரிந்துகொண்டே இருந்தது. காயட்டும் என்று ஏணியிலேயே உட்கார்ந்து காத்திருந்து இரண்டாவது பூச்சு அடித்தாள். அப்போது மறைந்தது. சர்க்கரை ஆலைப் பக்கம் போகிற டிராக்டர்க்காரன் ஒருவன், புதுப் பெயர் எழுதப் போகிறார்களாக்கும் என்று நினைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

வெள்ளியங்கிரி ஏணியை விடவில்லை. அவள் இறங்கி, டப்பாவைக் கந்தனிடம் கொடுத்தாள்.

"அப்ப இந்தப் பெட்டியெல்லாம் என்னங்க்கா பண்றது?" என்று கேட்டான் அவன்.

அவள் பட்டறைக்குள் வரிசையாக நின்ற பெட்டிகளைப் பார்த்தாள். ராமாயி பேர் போட்ட பெட்டிகள் எந்தெந்த ஊர்த் தண்டவாளத்து ஓரத்திலோ நின்றுகொண்டிருக்கும். ராமாயி பட்டறையில் செய்த பெட்டிகள் இவை மட்டும்தான். இவற்றில் யார் பேரும் இல்லை.